ராஜாவா, ரஹ்மானா? நண்பர்களோடு வாதம் வந்தால் நீங்கள் எந்தப் பக்கம், ஏன்?

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது தொடங்கிய இந்தப் பேச்சு வாட்ஸ்அப் குழு வரைக்கும் போய், இரண்டு பேர் குழுவை விட்டே விலகிவிட்டார்கள் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இது எங்கும் நடக்கிறதுதான். ஆனாலும் பாட்டுக்காக நட்பு முறிவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டாயப்படுத்திக் கேட்டால் என் வாய் ராஜா என்றுதான் சொல்லும். மதுரைப் பக்கம் டவுன் பஸ்ஸிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் ராஜா பாட்டைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஆனால் அந்தப் பதிலை வைத்து உங்கள் நண்பர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? ஆளை வைத்து வாதாடினால் இது முடியவே முடியாது. பாட்டை வைத்துத்தான் வாதாட வேண்டும். அதற்கு நான் கண்ட நல்ல வழி ஸ்வர்ணலதா. இரண்டு பேருக்கும் பாடிய ஒரே குரலை எடுத்துக்கொண்டு, அந்தக் குரலை இவர் என்ன செய்தார், அவர் என்ன செய்தார் என்று கேட்பது.

இந்த வழியை எனக்குக் காட்டியது ஒரு தையல்கடை அக்கா. தொண்ணூறுகளின் முதல் பாதியில் நான் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தேன். காலி கேசட்டும் ஒரு துண்டுச் சீட்டும் கொண்டுவந்து கொடுப்பார்கள். சீட்டில் பாட்டுகளை வரிசையாக எழுதியிருப்பார்கள். அறுபது நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, அடித்துப் பிடித்தால் ஏழு. பெரும்பாலான சீட்டுகள் இசையமைப்பாளர் பேரில்தான் வரும். ஒரு பக்கம் ராஜா, மறு பக்கம் ரஹ்மான் என்று கேட்டால்கூடச் சில பையன்களுக்குக் கோபம் வரும், கலக்காதே என்பார்கள். எதிர்க்கடை அக்கா மட்டும் சொன்னார்: "யார் மியூசிக்குன்னு எனக்கு எதுக்குத் தம்பி? அந்தப் புள்ள பாடுனது எல்லாத்தையும் ஒரே கேசட்டுல போட்டுக் குடு." அந்தப் புள்ள என்றால் ஸ்வர்ணலதா. கேசட் பதிவாகும்போது கடையில் நான் அதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும். 'சத்ரியன்' படத்து 'மாலையில் யாரோ' முடிந்ததும் 'கருத்தம்மா'வின் 'போறாளே பொன்னுத்தாயி' வந்தது. முன்னது 1990, ராஜா. பின்னது 1994, ரஹ்மான். ராஜாவா ரஹ்மானா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு பாட்டுதான் ஞாபகம் வரும்.

'மாலையில் யாரோ' பாட்டில் அவர் எங்கேயும் குரலை உயர்த்திக் காட்டுவதில்லை. காதல் வந்ததை வெளியே சொல்லக் கூச்சப்படுகிற ஒரு பெண் தனக்குள்ளே பாடிக்கொள்கிற அளவுதான் சத்தம். ராஜா அந்தக் குரலைச் சுற்றிலும் வேலை செய்திருக்கிறார். மெட்டு, தாளம், இடையிசை எல்லாம் முதலிலேயே முடிவாகிவிட்ட ஒரு கட்டடம். குரலுக்கு அதில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறது. அந்த அறைக்குள் ஸ்வர்ணலதா அவ்வளவு இயல்பாக நடமாடுகிறார். சரணத்துக்கு முன்னால் வருகிற இசையைக் கேட்டுவிட்டுச் சரணத்தைக் கேளுங்கள். அந்தப் பெண்ணின் மனசில் ஓடுவதில் பாதியை வாத்தியமே சொல்லி முடித்திருக்கும்.

'போறாளே பொன்னுத்தாயி'யில் நிலைமை தலைகீழ். வாத்தியம் மிகக் குறைவு. குரல்தான் முன்னால் நிற்கிறது. மூச்சு இழுப்பதும் சொல் தழுதழுப்பதும் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. பெண் சிசுக்கொலையைப் பற்றிப் பாரதிராஜா எடுத்த படம் அது. பிறந்த மண்ணை விட்டுப் போகிறவளின் பாட்டு. இதே மெட்டு அந்தப் படத்திலேயே மகிழ்ச்சியான டூயட்டாகவும் வருகிறது. அதே மெட்டை ஒப்பாரியாக மாற்றியது முக்கால்வாசி அந்தக் குரல்தான். ஸ்வர்ணலதாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்ததும் இந்தப் பாட்டுதான்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு விஷயம் பிடிபடும். ராஜா ஸ்வர்ணலதாவைப் பாத்திரமாகப் பாட வைக்கிறார். ரஹ்மான் அந்தக் குரலையே ஓர் ஒலியாக நெருங்கிப் பார்க்கிறார். இதை என் கருத்தாகத்தான் சொல்கிறேன். மறுப்பவர்கள் பாட்டோடு வந்து மறுக்கலாம்.

இந்த வித்தியாசத்துக்குப் பாதிக் காரணம் வேலை செய்யும் முறை. ராஜா முழு வாத்தியக் குழுவுக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதிவிடுவார். வயலின்காரர்களுக்குத் தனி, புல்லாங்குழலுக்குத் தனி, பேஸ் கிட்டாருக்குத் தனி. கலைஞர்கள் அதைப் பார்த்து வாசிக்க, காலையில் தொடங்கிய பாட்டு அன்றைக்கே முடிந்துவிடும். அதனால்தான் ஒரே வருஷத்தில் அத்தனை படம் செய்ய முடிந்தது. பாட்டு எப்படி வரப்போகிறது என்பது பாடகர் மைக் முன்னால் வந்து நிற்கும்போதே தீர்மானமாகியிருக்கும். ரஹ்மானின் பஞ்சதன் ஸ்டுடியோவில் ராத்திரியில்தான் வேலை. பாடகரைப் பல விதமாகப் பாடச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, எது வேண்டும், எதை எங்கே வைப்பது என்பதைப் பிற்பாடு உட்கார்ந்து முடிவு செய்வார். முடிந்த பாட்டைக் கேட்டபோது தாங்கள் பாடியது இப்படி வந்திருக்கிறதா என்று வியந்ததாகப் பல பாடகர்கள் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். ஒலிப்பதிவாளர் எச்.ஸ்ரீதரின் கைவண்ணமும் அதில் சேர்ந்தது. 2008இல் அவர் போய்விட்டார். பெரிய இழப்பு.

"ரஹ்மான் பாட்டு கம்ப்யூட்டர் சத்தம்" என்று எங்கள் கட்சிக்காரர்கள் சொல்லும்போது எனக்குக் கோபமே வரும். 'திருடா திருடா' படத்தில் ஷாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி'யைக் கேளுங்கள். வாத்தியமே கிடையாது. தனிக்குரலும் கூட்டுக் குரல்களும் மட்டும். 'ரோஜா' வந்த அடுத்த வருஷமே, 1993இல், வணிகப் படத்தில் இதைச் செய்தவரைக் கம்ப்யூட்டர் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பக்கத்துக்காரர்கள் "ராஜா கிராமத்துப் பாட்டுக்குத்தான் லாயக்கு" என்பதும் அதே அளவு தப்பு. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் கணினி இசையை ராஜா கையாண்டபோது, கீபோர்டு வேலையில் உடனிருந்த இளைஞர்தான் பிற்பாடு ரஹ்மான் ஆனார். அதே வருஷம் எம்.எஸ்.வி.யும் ராஜாவும் சேர்ந்து 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு இசையமைத்தார்கள். அதற்கு முன்னால் எம்.எஸ்.வி.யா ராஜாவா என்றுதான் ஊரில் சண்டை. 2002இல் ரஹ்மான் தன் இசையில் அதே எம்.எஸ்.வி.யை 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்துக்காக 'விடை கொடு எங்கள் நாடே' பாட வைத்தார். நாம் மூன்று கட்சியாக நின்றுகொண்டிருந்தபோது அவர்கள் மூவரும் ஒருவரோடு ஒருவர் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

இந்த வாதத்தில் நான் மிகவும் மதிப்பது பாலு மகேந்திரா எடுத்த ஒரு முடிவை. 1992ஆம் வருஷப் படங்களுக்கான தேசிய விருதில் இசைக்கு 'தேவர் மகன்' ராஜாவும் 'ரோஜா' ரஹ்மானும் போட்டி. நடுவர் குழுவில் வாக்கு சமமாகிவிட, தலைவராக இருந்த பாலு மகேந்திராவின் வாக்கு ரஹ்மானுக்குப் போனது. யார் அவர்? ராஜாவின் நூறாவது படமான 'மூடுபனி'யை 1980இல் எடுத்தவர். கடைசிப் படமான 'தலைமுறைகள்' வரைக்கும் ராஜாவை விட்டு விலகாதவர். தனக்கு யாருடைய இசை வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் முதல் படத்திலேயே ஒரு புதுப் பையன் செய்ததைக் கேட்டுவிட்டு, தன் ஆளுக்கு எதிராகக் கை தூக்கினார். அதற்கப்புறமும் ராஜாவோடு படம் செய்தார். ரசனை வேறு, தீர்ப்பு வேறு என்று ஒரு மனிதரால் வைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதிப் போடுங்கள். ('தேவர் மகன்' 'இஞ்சி இடுப்பழகா'வுக்காக அந்த முறை எஸ்.ஜானகிக்கு விருது கிடைத்தது. அது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.)

குறையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இது வெறும் சமாதானப் பேச்சாகிவிடும். ராஜா வருஷத்துக்கு அத்தனை படம் செய்த காலத்தில் ஒரே அச்சில் வார்த்த பாட்டுகளும் வந்தன. ஒலிப்பதிவுத் தரத்தில் 'ரோஜா' கேசட் வந்த அன்று, கடை ஸ்பீக்கரில் போட்டதுமே தூக்கிவாரிப் போட்டது. அதுவரை கேட்ட தமிழ்ப் பாட்டு எதுவும் அவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை. ராஜா ரசிகன் இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ரஹ்மானிடம் எனக்குள்ள குறை தமிழ் உச்சரிப்பு. மொழி தெரியாதவர்களைப் பாட வைத்து, "குரல் நன்றாக இருக்கிறது" என்று விட்டுவிட்ட பாட்டுகள் நிறைய. வைரமுத்துவும் வாலியும் எழுதிய சொல் இரைச்சலுக்குள் புதைந்துபோகும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஸ்வர்ணலதா கேரளத்துக்காரர்தான். ஆனால் அவர் பாட்டில் ஒரு ழகரம் பிசகியதாக என் காதுக்குப் பட்டதில்லை.

இப்போது உங்கள் நண்பர்களுக்கு. மூன்று ஜோடி சொல்கிறேன். முதல் ஜோடி மேலே சொன்னது. இரண்டாவது, 'வள்ளி'யின் 'என்னுள்ளே என்னுள்ளே'யும் 'அலைபாயுதே'யின் 'எவனோ ஒருவன்' பாட்டும். இரண்டும் ஏக்கம்தான். முன்னதில் ஏக்கம் அலையாக எழும்பிக்கொண்டே போகும், பின்னதில் புல்லாங்குழலும் குரலும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். மூன்றாவது ஜோடியில்தான் உண்மையான சண்டை வரும்: 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு', 'காதலன்' படத்து 'முக்காலா'. ராஜா குத்தாட்டத்தின் நடுவில் சட்டென்று அப்பர் தேவாரத்தை, 'குனித்த புருவமும்' பதிகத்தை, ஸ்வர்ணலதா குரலில் வைத்தார். கேட்கிறவருக்கு அது ஒட்டவைத்ததாகத் தெரியவே தெரியாது. ரஹ்மான் அதே குரலை ஆளே மாறிப்போன மாதிரி 'முக்காலா'வில் பாட வைத்தார். பொன்னுத்தாயிக்கு அழுத அதே வருஷம், அதே தொண்டை.

வாதாடும்போது ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். யாராவது "அவர்தான் பெரியவர்" என்று சொன்னால், எந்தப் பாட்டு, அதில் எந்த இடம் என்று கேட்க வேண்டும். இடம் சொல்ல முடியாதவர் அடுத்த நாள் கேட்டுவிட்டு வரட்டும். குழுவை விட்டுப் போன இரண்டு பேருக்கும் முதல் ஜோடியை மட்டும் அனுப்பிப் பாருங்கள், கூடவே வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மூன்றாவது ஜோடியில் என் ஓட்டு 'ராக்கம்மா'வுக்கு. முதல் ஜோடியில் 'போறாளே'வுக்கு. இரண்டாவதில் இன்னும் முடிவு பண்ணவில்லை. கருத்துப் பகுதியில் யாராவது 'என்னுள்ளே' பக்கம் நின்று பேசினால் கேட்கத் தயாராக இருக்கிறேன்.