உறை மேல் பெயர் வேண்டாம்

சேலத்தில் எங்கள் வாசகர் வட்டத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், அரசின் கண்காணிப்பு பற்றி உறுப்பினர்கள் கேட்டவையும் நான் சொன்ன பதில்களும் இவை. தொலைபேசித் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்; வக்கீல் அல்ல.

அம்மாப்பேட்டை உறுப்பினர்: ஐயா, அரசு நினைத்தால் யாருடைய போனையும் ஒட்டுக்கேட்கலாமா?

நினைத்தால் மட்டும் போதாது, கையெழுத்து வேண்டும். மத்திய அரசில் மத்திய உள்துறைச் செயலாளர், மாநிலத்தில் மாநில உள்துறைச் செயலாளர். 1996-ல் உச்ச நீதிமன்றம் போட்ட கடிவாளம் இது. உத்தரவு இரண்டு மாதம் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதம்தான். மறுஆய்வுக் குழுவும் உண்டு. ஆனால் அதில் இருப்பவர்களும் அதிகாரிகளே, நீதிபதி ஒருவரும் இல்லை. ஒரே வீட்டுக்குள் நடக்கும் தணிக்கை.

அவரே: கேட்டார்கள் என்று பிறகாவது நமக்குச் சொல்வார்களா?

மாட்டார்கள். ஆவணங்களைக் குறித்த காலத்தில் அழித்துவிடவே விதி சொல்கிறது. ஏதாவது வழக்கு வந்தால்தான் வெளியே தெரியும். லஞ்ச வழக்கு ஒன்றில் 2011-ல் மத்திய உள்துறை பிறப்பித்த உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல், குற்றத்தைத் துப்பறிய மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என்றது. நல்ல தீர்ப்பு, வந்து சேர 14 ஆண்டுகள்.

ஏற்காடு உறுப்பினர்: அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடன் சொன்ன விஷயத்தில், பேச்சைக் கேட்கவில்லை, யார் யாருக்குப் பேசினார் என்ற கணக்கை மட்டும்தானே எடுத்தார்கள்?

அம்மா, அந்தக் கணக்கே போதும். இரவு இரண்டு மணிக்கு ஏற்காட்டில் ஒரு போன் 108-ஐ அழைக்கிறது. அடுத்து சேலத்தில் இருக்கும் அண்ணனுக்கு ஓர் அழைப்பு. பிறகு அந்த போன் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அரசு மருத்துவமனை அருகிலுள்ள செல்போன் கோபுரத்தில் பதிவாகிறது. விடியற்காலையில் ஊரிலுள்ள உறவினர் பத்துப் பேருக்கு வரிசையாக அழைப்புகள். என்ன நடந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

வெளியூர் அழைப்பை ஊழியர் இணைத்துத் தந்த டிரங்க் கால் காலத்தில், எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் காதில் விழாத குடும்ப விஷயம் கிடையாது. ஆனால் அவர் கேட்கிறார் என்பது பேசுகிறவருக்குத் தெரியும், அதற்கேற்பக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அமெரிக்காவில் அதுதான் இல்லை. லட்சக்கணக்கானவர்களின் தகவலைச் சேகரிக்கிறீர்களா என்று 2013 மார்ச்சில் செனட்டில் கேட்டபோது, உளவுத்துறைத் தலைவர் கிளாப்பர் இல்லை என்றார். ஜூனில் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்கள் பத்திரிகையில் வந்தன. 2015-ல் மொத்தமாக அள்ளுவதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். 2020-ல் அது சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. ஸ்னோடன் இன்னும் ரஷ்யாவில்தான் இருக்கிறார்.

சூரமங்கலம் உறுப்பினர்: ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?

தம்பி, உங்களுக்குப் பயம் இல்லாமல் இருக்கலாம். அலுவலக முறைகேட்டைச் சொல்ல நிருபருக்கு ஒரே ஒருமுறை போன் செய்த குமாஸ்தாதான் அந்தக் கணக்கில் முதலில் சிக்குவார்.

ஓமலூர் உறுப்பினர்: என் மைத்துனர் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் இருக்கிறார். டெண்டரில் மோசடி பார்த்தார். எப்படிப் புகார் செய்வது?

சத்யேந்திர துபே கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர். சாலைப் பணியில் நடந்த ஊழல் பற்றி, பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டுப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ. எது எப்படியோ, 2004-ல் அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அதன்படி புகாரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம். உறையை ஒட்டி, மேலே 'பி.ஐ.டி.பி.ஐ.' (அந்தத் தீர்மானத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம், PIDPI) என்று எழுத வேண்டும். உறை மேல் அனுப்புநர் பெயர் வேண்டாம். உள்ளே கடிதத்தில் மட்டும் பெயரும் முகவரியும் இருக்கட்டும். மொட்டைக் கடிதத்தை எடுக்க மாட்டார்கள். மாநில அரசு ஊழியர்கள் மீதான புகாருக்கு இந்த வழி இல்லை.

இதற்கென்றே 2014-ல் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதை நம்பி உங்கள் மைத்துனர் இறங்க வேண்டாம். இதைப் பற்றி அலுவலக போனிலோ வீட்டு போனிலோ யாரிடமும் பேச வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.