விண்டோஸ் 10-ஐ விடுவதா, வைத்திருப்பதா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதையொட்டித் தொடங்கிய கேள்விகள் இன்னும் நின்றபாடில்லை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மிச்சத்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: திரையில் அடிக்கடி "ஆதரவு முடிந்துவிட்டது" என்று ஏதோ வருகிறது. ஒருநாள் கம்ப்யூட்டர் திறக்காமலே போய்விடுமா? பேரனோடு வீடியோவில் பேசுவேன், பேங்க் வேலை கொஞ்சம், பாட்டு கேட்பேன். அவ்வளவுதான் என் தேவை. (ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

அதெல்லாம் ஆகாது அம்மா. நேற்றுத் திறந்த மாதிரியே நாளையும் திறக்கும். நின்றது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். "மட்டும்" என்று சொல்லிவிட்டேனே தவிர, அது சின்ன விஷயமில்லை. 2017 மே மாதம் வன்னாகிரை என்ற கிருமி உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் போட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்ட கணினிகள்தான் மாட்டின. திருத்தம் வந்தும் போடாதவர்களுக்கே அந்தக் கதி என்றால், திருத்தமே வராத கணினியில் பேங்க் வேலை பார்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கு ஓர் அவகாசம் இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் "என்ரோல் நவ்" என்ற இணைப்பு தெரியும். அதில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும். கணினியின் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்யச் சம்மதித்தால் கட்டணமில்லை. வேண்டாம் என்றால் 30 டாலர், அல்லது 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள். எந்த வழியில் போனாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும், விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வும் இருக்க வேண்டும். பேரனை ஒருநாள் உட்காரவைத்து இதை முடித்துவிடுங்கள்.

விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் 2028 வரை அப்டேட் ஆகுமாமே, அது போதாதா என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஆகும். ஆனால் அது வாசலில் நிற்கிற காவல்காரர். சுவரில் விழுந்த ஓட்டையைப் பூச வேண்டியது கொத்தனார், அவர் போய்விட்டார்.

கேள்வி: என் லேப்டாப் ஐ5, 8 ஜிபி ராம். நன்றாகத்தான் ஓடுகிறது. விண்டோஸ் 11 ஏறாது, புதிதாக வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். உண்மையா, வியாபாரமா?

இரண்டும் இருக்கலாம். ஐ5 என்ற பிராசசர் பெயரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதன் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 6200 என்றிருந்தால் ஆறாம் தலைமுறை, 8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. ஒன்றிரண்டு விதிவிலக்குகளை விட்டால் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு அனுமதி. ஏஎம்டியில் ஏறக்குறைய ரைசன் 2000 வரிசையிலிருந்து.

எட்டாம் தலைமுறை, அல்லது அதற்கும் புதியது, ஆனாலும் "தகுதியில்லை" என்று வருகிறதா? அப்படியானால் பணத்தை எடுக்காதீர்கள். பெரும்பாலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்ஸில்) அணைந்து கிடக்கும். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் எழுதியிருக்கும். அதை ஆன் செய்துவிட்டு மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டிப் பாருங்கள். லெகசி என்ற பழைய தொடக்க முறையில் விண்டோஸ் போட்டிருந்தால் டிஸ்க்கை ஜிபிடி வகைக்கு மாற்றி, யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்குப் போக வேண்டியிருக்கும். அதற்கான கருவி விண்டோஸிலேயே உண்டு, ஃபைல்கள் அழியாது. இருந்தாலும் பேக்கப் எடுக்காமல் கை வைக்காதீர்கள்.

நிஜமாகவே ஆறாம், ஏழாம் தலைமுறை என்றால் சோதனைகளை ஏமாற்றி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். போடலாம், ஓடவும் ஓடும். ஆனால் அத்தகைய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பாதுகாப்புக்காகத்தானே மாறுகிறீர்கள்? வீட்டில் சோதனை செய்து பார்க்கிற கணினிக்குச் சரி. சம்பளக் கணக்கு இருக்கும் கணினிக்கு வேண்டாம்.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்தில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறோம். இருபது வருடத்துக் கல்யாணக் கார்டு, நினைவு மலர் எல்லாம் பேஜ்மேக்கரிலும் பாமினி எழுத்துருவிலும் இருக்கின்றன. 32 பிட் விண்டோஸ் 10. கடைப் பெடியன் விண்டோஸ் 11 போடுவோம் என்கிறான். போடலாமா?

அந்தக் கணினியில் போடாதீர்கள். இந்த வாரக் கேள்விகளிலேயே நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லப்போகும் பதில் இதுதான்.

விண்டோஸ் 11-இல் பழைய வகையான 32 பிட் பதிப்பே கிடையாது, புதிய வகையான 64 பிட் மட்டும்தான். 64 பிட் விண்டோஸ், அதற்கெல்லாம் முந்தைய காலத்து 16 பிட் நிரல்களைத் தொடவே தொடாது. அந்தக் காலத்து மென்பொருள்கள் பலவற்றில் நிரல் 32 பிட்டாக இருக்கும், இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட்டாக இருக்கும். விளைவு, சிடி கையில் இருக்கும், இன்ஸ்டால் ஆகாது. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் 7-ஆம் பதிப்பு வந்தது 2001-இல். அதற்குப் பிறகு அடோபி அதில் புதுப் பதிப்பு கொண்டுவரவில்லை. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு நேராக அப்கிரேடும் கிடையாது, துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். இப்போது ஓடிக்கொண்டிருப்பதைத் துடைத்தால் திரும்ப வருமா என்பது உங்கள் அதிர்ஷ்டம். என்னுடைய பழைய ஸ்கேனர் ஒன்று இப்படித்தான் 64 பிட்டுக்கு மாறிய அன்றே காகிதம் அமுக்கும் கல்லாகிவிட்டது. தயாரித்த நிறுவனம் அதை ஓட்டும் மென்பொருளான டிரைவரைப் புதிதாகத் தரவே இல்லை.

ஆகவே அந்தக் கணினியை அப்படியே வைத்துக்கொண்டு, இணையத்தை மட்டும் பிடுங்கிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் முழுவதையும் அச்சு அசலாகப் பிரதி எடுத்து இன்னொரு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் பழைய கோப்புகளைத் திறக்கும் சாவி. மின்னஞ்சலுக்கும் வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களுக்கும் வேறு கணினி இருக்கட்டும், அதில் விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாம். பென் டிரைவில் கொண்டுவந்து போடும்போது மட்டும் ஸ்கேன் செய்துவிட்டுப் போடுங்கள்.

அப்புறம் பாமினி. இயங்குதளத்தைவிட இதுதான் பெரிய தலைவலி. பாமினியில் ஆங்கில எம் எழுத்தின் இடத்தில் "அ"வின் உருவத்தை உட்காரவைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்கு அது ஆங்கிலக் கிறுக்கல். எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் "அம்மா" என்று அடித்தது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். இன்று முதல் வரும் புதிய வேலைகளை, எந்தக் கணினியும் தமிழ் என்றே புரிந்துகொள்ளும் யூனிகோடில் அடிக்கப் பழகுங்கள். பழையவற்றில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை மட்டும் மாற்றினால் போதும், இருபது வருடத்தையும் மாற்றிக்கொண்டிருந்தால் கடையை யார் பார்ப்பது? அடோபியின் இன்னொரு வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் பழைய பதிப்புகள், சிஎஸ்6 வரை, பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் டிராவும் திறந்து காட்டும், ஆனால் வடிவமைப்பு குலையாமல் வரும் என்று நம்பி வாடிக்கையாளருக்கு நாள் குறிக்காதீர்கள். புதிய வேலைகளுக்குக் காசில்லாமல் வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் 1.6 என்ற வடிவமைப்பு மென்பொருள் யூனிகோட் தமிழைச் சரியாகவே காட்டுகிறது. கை பழக ஒரு மாதம் பிடிக்கும், பேஜ்மேக்கர் கைக்கு அது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஆடிட்டர் ஆபிஸ். ஆறு கணினிகள். செலவில்லாமல் லினக்ஸுக்கு மாறிவிடலாமா?

லினக்ஸ் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்தான், ஆனால் கணக்கு மென்பொருளான டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. உங்கள் நாள் முழுவதும் அதிலேயே போகும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாள் இரவு அதோடு மல்லுக்கட்ட நீங்கள் விரும்பமாட்டீர்கள். மாற வேண்டாம்.

கேள்வி: அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப் என்னிடம் இருக்கிறது. 2 ஜிபி ராம். விண்டோஸ் 10 போட்டால் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. பைதான் படிக்கிறேன். லினக்ஸ் போடலாமா? தமிழில் டைப் செய்ய முடியுமா? (கல்லூரி மாணவர், தருமபுரி)

தாராளமாகப் போடுங்கள் தம்பி. அந்த லேப்டாப்பின் ஆரம்பகாலப் பெட்டிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல வருடமாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன.

லினக்ஸில் பல வகை உண்டு. அதில் லினக்ஸ் மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 2 ஜிபி ராம் வேண்டும் என்கிறார்கள், 4 இருந்தால்தான் நிம்மதி. பிரவுசரில் பத்து டேப் திறந்தால் 2 ஜிபி மூச்சுத் திணறும். முடிந்தால் இன்னொரு ராம் துண்டும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சுழலாத, வேகமான ஒரு சின்ன எஸ்எஸ்டியும் போடுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பெரும்பாலும் சுழலும் டிஸ்க்தான் காரணம்.

உடனே இன்ஸ்டால் செய்யாதீர்கள். பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருப்பது எதுவும் அழியாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒரு நாள் பாருங்கள். பிரின்டர் இருந்தால் அதையும் சோதியுங்கள். ஜெராக்ஸ் கடைகளில் பார்த்திருப்பீர்களே, கேனான் எல்பிபி 2900, அந்த மாதிரி தனக்கென ஒரு மொழி வைத்திருக்கும் பிரின்டர்கள் லினக்ஸில் நன்றாக அலைக்கழிக்கும்.

தமிழ் தாராளமாக வரும். ஐபஸ், எம்17என் என்ற இரண்டு உள்ளீட்டு மென்பொருள்களையும் நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு இயந்திர முறை என மூன்றும் கிடைக்கும். புதிதாகப் பழகுகிறவர் தமிழ்99-இலேயே தொடங்குங்கள். 1999 சென்னை மாநாட்டையொட்டி வகுத்த விசைப்பலகை. ஒரு வாரம் தடுமாறும், பிறகு விரல் பறக்கும்.

கேள்வி: விண்டோஸ் 11-க்கு மாறி நான்கு நாள். பிடிக்கவில்லை. திரும்பலாமா?

பத்து நாளுக்குள் என்றால் செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்தில் "கோ பேக்" இருக்கும். ஆனால் எதைப் பிடிக்கவில்லை என்று எழுதவில்லையே? ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருப்பதுதான் குறை என்றால் டாஸ்க்பார் செட்டிங்ஸில் இடப்பக்கம் தள்ளிவிடலாம்.

கேள்வி: புது லேப்டாப்பில் விண்டோஸ் 11. சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கியதிலிருந்து நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பாஸ்வேர்டும் வைக்கவில்லையே!

நீங்கள் வைக்கவில்லை, விண்டோஸே வைத்தது. புதிதாக வரும் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். பயாஸை மாற்றினாலோ போர்டை மாற்றினாலோ சாவி கேட்கும். முதல்முறை திறந்தபோது கொடுத்த அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறு கணினியிலோ போனிலோ நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் (அந்தப் பூட்டின் பெயர்) ரெக்கவரி கீ என்று தேடுங்கள். அங்கே இருந்தால் பிழைத்தீர்கள்.

என் சித்தப்பா வீட்டில் இதே கதைதான். கடைப் பையன் தன்னுடைய மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தான், அவன் வேலையை விட்டுப் போயே ஒரு வருடமாகியிருந்தது. தேடிப் பிடித்தோம், பாஸ்வேர்ட் அவனுக்கே மறந்துபோயிருந்தது. உங்கள் சாவி கிடைத்ததும் ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.