பௌர்ணமியில் கள் தேடியவர்கள்

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டே திரியலாம் என்று நீங்கள் எழுதியதை நம்பி, போன மாதம் நானும் கணவரும் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்தோம். நாங்கள் திருநெல்வேலி, சாப்பாட்டுக்காக எவ்வளவு தூரமும் போகிற ஆட்கள். ரயில் அலுப்பில் லாட்ஜில் தூங்கி எழுந்து பத்து மணிக்குக் கிளம்பினோம். கிடைத்தது ஆறிப்போன பராட்டா. மூன்று மணிக்கு மதியச் சாப்பாடு தேடினால் பிரைட் ரைஸ், இரவில் கொத்துரொட்டி. ஓரிடத்தில் சொதி என்று ஆசையாகக் கேட்டதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கள்ளையாவது ருசி பார்க்கலாம் என்றால் அன்று பௌர்ணமி, எல்லாம் பூட்டு. உங்கள் ஊருக்கென்று ஒரு சாப்பாடு இருக்கிறதா, அல்லது அது எழுத்தாளர்களின் கற்பனையா? கோபத்தில் எழுதவில்லை, பசியில் எழுதுகிறேன்.

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரி,

பசியில் எழுதிய கடிதத்துக்குத்தான் முதல் பதில். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

தப்பு என்னிலும் இருக்கிறது. ஒரு நாள் முழுக்கத் திரியலாம் என்று எழுதினேன், அந்த நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று எழுதவில்லை. நீங்கள் எழும்பிய பத்து மணிக்கு இங்கே காலைச் சாப்பாடு முடிந்து சட்டியும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. விடியற்காலையில் ரயிலை விட்டு இறங்கியவர்கள் லாட்ஜுக்குப் போகாமல் பால் ஊற்றாத ஒரு பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வெளிச்சம் வரும்வரை வாவிக்கரையில் உட்கார்ந்திருந்தால் பாதிக் கடிதம் எழுதத் தேவையே இருந்திருக்காது. ஆறு மணிக்கு இலைக்கஞ்சி வரும், சூட்டோடு ஒரு கோப்பை, கடித்துக்கொள்ளச் சக்கரைத் துண்டு. அதே நேரத்தில் ஒழுங்கைகளுக்குள் சில வீடுகளில் இடியப்பமும் அப்பமும் வியாபாரம் நடக்கும். போர்டு கிடையாது. கடப்படியில், அதாவது வாசலில், நாலு பேர் பாத்திரத்தோடு நின்றால் அதுதான் கடை. நான் போகும் வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். வெறுங்கையோடு போனால் "என்ன மனே, சொதிக்குப் பாத்திரம் கொண்டு வரல்லையா?" என்று ஒரு பார்வை பார்ப்பார், அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் தூக்குச்சட்டியோடு போவேன். ஏழரைக்குப் போனால் சிரிப்புத்தான் கிடைக்கும், இடியப்பம் கிடைக்காது.

சொதி பற்றி. உங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் காய்கறியும் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் போட்டு வைக்கிறீர்களே, அது ஒரு விருந்து. எங்கள் சொதி விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். தேங்காய்ப்பால், மஞ்சள், வெங்காயம், பச்சைமிளகாய், கடைசியில் தேசிக்காய்ப்புளி (உங்கள் எலுமிச்சைச் சாறு), அவ்வளவுதான். அதைத் தனியாகக் குடித்துப் பார்த்துக் குறை சொன்னால் எப்படி? சிவப்பரிசி மாவில் பிழிந்த இடியப்பத்தில் ஊற்றி, இடித்த சம்பலையும் சேர்த்துப் பிசைந்த பிறகு சொல்லுங்கள். ஆனாலும் கடைகளில் பெரும்பாலும் தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள், அதில் உங்கள் பக்கம்தான் நான்.

மூன்று மணிப் பிரைட் ரைஸுக்கும் காரணம் உண்டு. சோறும் மீன்கறியும் பன்னிரண்டு மணிக்கு இறங்கும், இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும். அன்று வாவியில் பட்ட மணலை மீனோ ஒட்டி மீனோ அன்றே கறியாக வேண்டும், மறுநாளுக்கு வைக்க முடியாது. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை 56 கிலோமீட்டர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது, இன்னொரு பக்கம் கடல், ஆகவே நண்டும் இறாலும் மீனும் நேரத்துக்குப் போனவனுக்குக் குறைவில்லை. கூடவே முருங்கையிலைச் சுண்டல் வைப்பார்கள் (கொண்டைக்கடலையைத் தேட வேண்டாம், இலையை அரிந்து தேங்காய்ப்பூவோடு, அதாவது துருவிய தேங்காயோடு, சுண்டுவதுதான் இங்கே சுண்டல்). பிரைட் ரைஸும் கொத்தும் அப்படியில்லை. கேட்ட நேரத்தில் ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுக்கலாம், அதனால் நேரம் தப்பி வருகிறவர்களுக்கு அவைதான் கதி. கொத்து கிழக்கில்தான் பிறந்தது என்று இங்கே மார்தட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் உங்கள் கடிதத்தைக் காட்ட மாட்டேன்.

நீங்கள் விட்ட பெரிய விஷயம் தயிர். எருமைத் தயிர், மண்சட்டியில். எருமைப்பாலில் கொழுப்பு ஏழெட்டு வீதம், பசும்பாலில் அதில் பாதிதான் தேறும். போதாததற்குச் சட்டி வேறு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பிட்டோடும் வாழைப்பழத்தோடும் பிசைந்து தின்றால் பிறகு ஒரு மணிநேரம் எந்த வேலையும் ஓடாது. தயிர் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மாடு எங்கே மேய்கிறது என்று கேட்பதில்லை. பயிர்ச்செய்கைக்குப் பறிபோகும் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பால் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்து போராடத் தொடங்கினார்கள். புல் போனால் பாலுக்கும் தயிருக்கும் எங்கே போவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் தின்னவும் முடியாது. ரொறன்ரோவிலிருந்து வந்த என் மச்சான் பதினாலு இடத்துக்குப் பட்டியல் போட்டுக்கொண்டு வந்தான். ஆறாவது இடத்தில், பதினொரு மணிக்கு, காந்தி பூங்காவில் மர நிழலில் மல்லாந்துவிட்டான், கையில் கடித்த இறால் வடை. மிச்சம் எட்டு இடத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆகவே காலை ஒன்று, மதியம் ஒன்று, பின்னேரம் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடி, இது போதும். பேரீச்சை மரங்கள் நிற்கும் அந்த வீதிக்குப் பஸ்ஸில் கால் மணிநேரம். முட்டையும் தேங்காய்ப்பாலும் சக்கரையும் சேர்த்து அவித்த வட்டிலப்பமும் சாயத் தேத்தண்ணியும் அங்கே. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்திலும் நோன்பு மாதத்துப் பகலிலும் போய்க் கடை திறக்கவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இங்கே எந்த மேடையிலும் சொல்வார்கள். இரு பக்கமும் கொலைகள் நடந்த 1990ஐப் பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு சுலபமாக வாயில் வராது. ஆனால் வட்டிலப்பத்துக்கு வரிசையில் நிற்கும்போது யாரும் யாரிடமும் ஊர் கேட்பதில்லை.

அப்புறம் கள். உங்கள் கணவரைப் பார்த்துத்தான் பாவமாக இருக்கிறது, தமிழ்நாட்டில் 1987இலிருந்து தடை, கடல் தாண்டி வந்தால் போயா என்கிற பௌர்ணமி விடுமுறை. இலங்கையில் பௌர்ணமி அன்று கள்ளுக்கடையான தவறணை திறக்காது, அடுத்த முறை நாட்காட்டி பார்த்து டிக்கெட் எடுங்கள். ஆனால் அன்றிரவு கொத்து தின்றுவிட்டு நேரே லாட்ஜுக்குப் போனீர்களே, அதுதான் எனக்கு ஆற்றாமை. கல்லடியில் 1924இல் கட்டிய பழைய பாலம் இருக்கிறது, 2013இல் பக்கத்தில் புதியது வந்த பிறகு அதில் வாகன இரைச்சல் குறைவு. மீன் பாடுகிறது என்று சொல்வது இந்த இடத்தில்தான், அதுவும் நிலவு நாளில். தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்கள், மீன் இல்லை, ஊரி என்கிற நத்தைதான் என்பவர்களும் உண்டு. எனக்கு ஒரு முறை கேட்டது, இரண்டு முறை கேட்கவில்லை.

திரும்பிப் போகும்போது ஒரு சட்டி தயிர் வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலில் மேல் தட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மச்சான் வைத்தான், கீழே இருந்தவர் நல்ல மனுசன், கொழும்புவரை ஒரு வார்த்தை பேசவில்லை.