தேர் வீதியில் ரெக்கோடர் சுடுகிறதா?

கேள்வி: இணுவிலில் எங்கள் கோயில் தேர்த் திருவிழாவில் நாதஸ்வரம், தவில் பதிவு செய்ய, கறுப்பு நிறக் கையடக்க ரெக்கோடரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வீதி சுற்றினேன். வெயில் ஏறியதும் தொட முடியாத சூடு. திரை கறுத்துவிட்டது. பற்றரியும் பாதியிலேயே இறங்கிவிட்டது. சின்ன ஃபான் ஒன்று பூட்டலாமா?

பதில்: ஃபான் வேண்டாம். அதன் இரைச்சல்தான் முதலில் பதிவாகும்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். உங்கள் கருவி இரண்டு ஏஏ ரீசார்ஜ் பற்றரியில் ஆறு மணித்தியாலம் ஓடுகிறது என்று வையுங்கள். 1.2 வோல்ட், 2000 மில்லி அம்பியர்-மணி பற்றரி இரண்டும் சேர்ந்து தருவது 4.8 வாட்-மணி. அப்படியென்றால் கருவி தானாக உண்டாக்கும் சூடு 1 வாட் கூட வராது. உச்சி வெயிலோ ஒரு சதுர மீற்றரில் 1000 வாட் அளவுக்குக் கொட்டுகிறது. 15க்கு 7 சென்ரிமீற்றர் கறுப்பு உடலில் அது நேராக விழுந்தால் கிட்டத்தட்ட 10 வாட். ஆகவே வெயிலை மறைத்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. வெள்ளைச் சால்வையை மேலே தளர்வாகப் போடுங்கள். இறுக்கிச் சுற்றினால் காற்றுப் போகாது. குடை பிடிக்க ஒரு பொடியன் கிடைத்தால் இன்னும் நல்லது. றப்பர் உறை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். நிழலில் கருவியின் உடல் லேசாகச் சுட்டால் பயப்பட வேண்டாம், உள்ளிருக்கும் சூடு வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

திரை கறுப்பது எல்சிடியின் குணம். ஆறினால் பழையபடி வரும். பெரும்பாலும் பதிவு ஓடிக்கொண்டுதான் இருக்கும். பதற்றத்தில் பொத்தான்களை அழுத்தாமல் ஹெட்ஃபோனில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பற்றரி வேறு கதை. கண்டென்சர் மைக்குக்கு (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம், அதாவது மைக் வயர் வழியாகவே ரெக்கோடர் அனுப்பும் மின்சாரம், கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2.4 வோல்ட்டை அந்த அளவுக்கு உயர்த்துவதில் பற்றரி வேகமாகக் கரையும், கொஞ்சம் சூடும் கூடும். பக்கத்தில் நின்று தவில் பதிவதற்கு டைனமிக் மைக்கே போதும். ஃபான்டம் தேவையில்லை, அந்த முழக்கத்தையும் தாங்கும். கண்டென்சர்தான் வேண்டுமென்றால், 24 வோல்ட்டில் வேலை செய்யுமா என்று அதன் கையேட்டில் பாருங்கள். பல ரெக்கோடர்களில் அந்தத் தெரிவு இருக்கிறது. பதிவின் தர அமைப்பில் (சாம்பிள் ரேட்) 192 கிலோஹேர்ட்ஸ் எல்லாம் வீண். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் போதும். ஸ்டீரியோவில் மணித்தியாலத்துக்கு 1 ஜிகாபைட் அளவில் வரும்.

உள்ளேயே லித்தியம் பற்றரி உள்ள கருவியாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: 45 பாகை செல்சியஸுக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. பவர் பாங்க் செருகினால் பல கருவிகள் பதிவு செய்துகொண்டே சார்ஜும் ஏற்றத் தொடங்கும். மெனுவில் அதை நிறுத்த முடியுமென்றால் நிறுத்துங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் எதையும் விட்டுப் போகாதீர்கள்.

அப்புறம், ஆற வைக்கிறேன் என்று ஃபிரிட்ஜில் வைப்பவர்களும் இருக்கிறார்கள்! குளிர்ந்த கருவியை நம்மூர் ஈரக்காற்றில் எடுத்தால் உள்ளே நீர் பூக்கும், கண்டென்சர் மைக்கில் படபடவென்று இரைச்சல் வரும். ஏசி காரில் கொண்டுபோனால், பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் நிழலில் வைத்துவிட்டு எடுங்கள்.