வறுவல் சட்டியில் ஒளிந்திருந்த இறால்
மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் 14 வயது மகனுக்கு இறால் ஆகாது, நாக்கு அரிக்கும். அதனால் ஒகேனக்கல் போனபோது கட்லா வறுவல் மட்டும் வாங்கிக் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிழுப்பு. பென்னாகரத்தில் தொடையில் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. இனி மீனும் கூடாதா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: மீனைவிட எண்ணெய் மீதுதான் எங்களுக்குச் சந்தேகம். இறால், நண்டில் வம்பு செய்யும் புரதம் ட்ரோபோமயோசின். மீனில் இருப்பது பார்வால்புமின். இரண்டும் வேறு வேறு. ஒன்று ஆகாதவருக்கு மற்றது ஒத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டுமே கொதிக்கும் எண்ணெய்க்கு அசையாதவை. அதே சட்டியில் முந்தைய ஈடு இறால் என்றால், மிச்சப் புரதம் கட்லாவில் ஒட்டிக்கொண்டு வரும். மசாலாத் தட்டும் ஜல்லிக் கரண்டியும் பொதுவாக இருந்தாலும் இதே கதைதான்.

இருந்தாலும் ஊகத்தை நம்பி மீனைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஒவ்வாமை மருத்துவரிடம் இறாலுக்கும் மீனுக்கும் தனித்தனியாகத் தோல் குத்துப் பரிசோதனையோ ரத்தத்தில் ஐ.ஜி.இ. (ஒவ்வாமையில் கூடும் எதிர்ப்புரதம்) பரிசோதனையோ செய்துகொள்ளுங்கள். அதுவரை இரண்டும் வேண்டாம். சென்னாக்குன்னிப் பொடியும் இறால்தான். துவையலில் கலந்து வந்தால் கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: இப்படி அலர்ஜி வந்தால், பையில் அவில் மாத்திரை இருந்தால் போதாதா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: போதாது. அவில், செட்டிரிசின் எல்லாம் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். தொண்டை வீக்கத்தையும் ரத்த அழுத்தம் சரிவதையும் தடுக்காது. அதற்கு அட்ரினலின் ஊசிதான். 1 மி.லி. ஆம்பியூலில் (கண்ணாடி மருந்துக் குப்பி) 1 மி.கி. இருக்கும். எடையில் கிலோவுக்கு 0.01 மி.கி. என்பது கணக்கு: 20 கிலோ குழந்தைக்கு 0.2 மி.லி., பெரியவருக்கு அதிகபட்சம் 0.5 மி.லி. தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள் போடுவார்கள். குறையாவிட்டால் 5 நிமிடத்தில் இன்னொரு முறை.

குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், தடிப்போடு வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே 108. வண்டி வரும்வரை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரட்டும். எழுப்பி நடக்கவைத்து ஆட்டோவுக்குக் கூட்டிப் போவதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. சரிந்திருக்கும் ரத்த அழுத்தம் நின்றதும் இன்னும் விழும், இதயமே நின்றுவிடலாம். ஊசியில் தெளிந்தாலும் உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி வருவதுண்டு.

கேள்வி: சூரைமீன் குழம்பு சாப்பிட்ட நாலு பேருக்கும் முகம் சிவந்து தலைவலி. குடும்பத்துக்கே அலர்ஜியா?
– வாசகி, ஓசூர்

பதில்: நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் என்றால், பெரும்பாலும் கெட்ட மீன்தான் காரணம். ஐஸ் சரியாக இல்லாமல் மலையேறி வந்த சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களில், அலர்ஜி போலவே முகம் சிவக்கவைக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் ஊறிவிடும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. இந்தத் தொல்லைக்கு அவில் கேட்கும். மூச்சு முட்டினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் விலை குறைத்தாலும் வேண்டாம்.