டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் என்ன செய்கிறது? அதன் கண்டுபிடிப்புகள் வெளியே வருகின்றனவா?

முதல் வேலை, அளவுகளைக் காப்பது. கிலோ, மீட்டர், வினாடி எல்லாவற்றுக்கும் நாட்டின் மூல அளவு அங்கேதான். சீசியம் அணுக் கடிகாரங்களை வைத்து இந்திய நேரத்தைப் பராமரிப்பதும் அவர்களே. மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை போடுகிறார்களே, அந்த எடைக்கற்களைப் படிப்படியாக ஒப்பிட்டுக்கொண்டே போனால் கடைசியில் இந்த ஆய்வகத்தில்தான் போய் நிற்கும். 1950இல் திறக்கப்பட்டபோது முதல் இயக்குநர், நம்ம வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன்.

சரி, தொழில்நுட்பம் வெளியே வருகிறதா என்றால், உங்கள் விரலையே பாருங்கள். ஓட்டுப் போட்டதும் வைக்கும் மை இங்கே உருவானதுதான். அதிலுள்ள சில்வர் நைட்ரேட், தோலின் உப்போடு சேர்ந்து சில்வர் குளோரைடு ஆகிறது. வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். சோப்பு, எண்ணெய் எதற்கும் மசியாது. தோலும் நகமும் வளர்ந்துதான் போக வேண்டும்.

ஆனால் ஆய்வகம் மை காய்ச்சி விற்கவில்லை. தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் வழியாக, கர்நாடக அரசு நிறுவனமான மைசூர் பெயின்ட்ஸுக்கு உரிமம் போனது. 1962 தேர்தலிலிருந்து அவர்கள் தயாரிப்புதான்; வெளிநாடுகளுக்கும் போகிறது. செய்முறை மட்டும் இன்றுவரை ரகசியம். தொழில்நுட்பம் வெளியே வருகிறது என்றதும் எல்லாருக்கும் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டணம், ஒப்பந்தம் எல்லாம் உண்டு. மை விஷயத்தில் ரகசியம் காப்பது நியாயம்தான், போலி மை வந்தால் கள்ள ஓட்டுக்காரனுக்குக் கொண்டாட்டம்.