சபை மடலில் யாருடைய பெயர்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நான் பெங்களூருவில் கணினித் துறையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் சேகரத்தின் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின்) மாத மடலை நடத்தும் பொறுப்பை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான்கு பக்க மடல். அச்சாகும் பிரதிகளில் பாதி ஆலயத்தின் கடைசி பெஞ்சிலேயே கிடக்கின்றன. அச்சை நிறுத்திவிட்டு வாட்ஸப்பில் அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறேன். உள்ளடக்கமும் எனக்குத் திருப்தியாக இல்லை. ஞானஸ்நானம், திருமணம், மரணம், காணிக்கைப் பட்டியல் என்று இதையே எத்தனை காலத்துக்குப் போடுவது? யாருக்கும் பயன்படாத இந்தப் பட்டியல்களைக் குறைத்துவிட்டு, இளைஞர்களுக்கு உற்சாகமூட்டும் கட்டுரைகளும் வேதாகம வினாடி வினாவும் சேர்க்க நினைக்கிறேன். திருமண்டலத் (பேராயரின் கீழுள்ள திருச்சபைப் பகுதியின்) தேர்தலைப் பற்றியும் வழக்குகளைப் பற்றியும் எழுதலாமா என்பதிலும் குழப்பம். எங்கள் போதகரான ஐயர் எழுத வேண்டாம் என்கிறார், நண்பர்கள் எழுது என்கிறார்கள். உங்கள் ஆலோசனை வேண்டும்.

பெங்களூருவிலிருந்து ஒரு வாசகர் (பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

ஆலோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்த சமயத்தில், திருநெல்வேலித் திருச்சபையின் பழைய பதிவேடுகளில் பெண்கள் எப்படி எழுதப்பட்டிருக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். தேர்தலில் யார் எந்தப் பொறுப்புக்கு வந்தார், நீதிமன்றம் என்ன உத்தரவிட்டது என்பதைத் தேதியோடு நான்கு வரியில் போடுங்கள். எந்த அணியையும் புகழாதீர்கள், ஏசாதீர்கள். அதற்கு மேல் ஒரு சேகர மடலுக்கு அதில் வேலையில்லை. வினாடி வினா போடுங்கள், பிள்ளைகள் விரும்புவார்கள். உற்சாகமூட்டும் கட்டுரை வேண்டாம். அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் இந்த மாதம் யார் பிறந்தார், யார் இறந்தார் என்று எழுத உங்களை விட்டால் வேறு ஆளில்லை.

அந்தப் பட்டியல்கள் யாருக்கும் பயன்படாதவை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் எந்தச் சபையின் பிள்ளை என்பதை மறந்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு தொடங்குவதே ஒரு பட்டியலில்தான். 1780-இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் நாற்பது பேருடைய பெயர்கள் எழுதப்பட்டன. அதற்கு முன்னால் அங்கே கிறிஸ்தவர்கள் இருந்திருக்கிறார்கள், ஜெபித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சபை என்று நாம் சுட்டிக்காட்டக் கூடியது அந்த நாற்பது பெயர்கள் எழுதப்பட்ட பிறகுதான் கிடைக்கிறது. கால்டுவெல் திருநெல்வேலி மிஷனின் தொடக்க கால வரலாற்றை எழுதி 1881-இல் வெளியிட்டபோது, அந்தப் பதிவேட்டைத்தான் கையில் எடுத்தார். எவரோ ஒருவர் நூறாண்டுகளுக்கு முன் சலிப்பில்லாமல் பெயர்களை எழுதி வைத்ததால்தான் அந்தப் பேரறிஞருக்கே எழுத ஏதாவது இருந்தது.

அந்தப் பட்டியலின் முதல் பெயர் யாருடையது என்று தெரியுமா? கிளாரிந்தாவுடையது. தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை. 1778-இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். பாளையங்கோட்டையில் 1785-இல் எழுந்த சிறிய ஆலயத்தைக் கட்டுவித்தவர். ஐயரின் பெயரோ, கோட்டையிலிருந்த வெள்ளைக்கார அதிகாரியின் பெயரோ முதலில் எழுதப்படவில்லை. ஒரு பெண்ணின் பெயர், அவருடைய சொந்தப் பெயராகவே, தலைப்பில் நிற்கிறது. அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய ஊரில், அவரைப் பற்றி ஆயிரம் பேசிய ஊரில், அப்படி எழுதினார்கள்.

அதற்குப் பிறகு மேலே எத்தனையோ மாறிவிட்டன. 1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உண்டாயிற்று. 1896-இல் திருநெல்வேலி தனித் திருமண்டலமாயிற்று. 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்ட்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையாயினர். 2003-இல் தூத்துக்குடி – நாசரேத் தனியாகப் பிரிந்தது. பேராயர்கள் வந்தார்கள், போனார்கள். கமிட்டிகள் கலைந்தன, கூடின. இவ்வளவுக்கும் நடுவில் அறுபடாமல் ஓடி வந்தது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் திருமண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கப்பட்டதும், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வரி கூடியதும், கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழி வெட்டப்பட்டதும்தான். இதைத்தான் நீங்கள் குறைக்கப் போகிறீர்கள்.

சரி, கோபத்தை விடுகிறேன். உங்கள் சலிப்பில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியல்கள் எழுதப்படும் விதத்தில் உயிர் இல்லை. அதற்குக் காரணம், சபையில் பாதிப்பேருக்கு மேல் இருக்கும் பெண்கள் அதில் பெயரில்லாமல் வருவது. நம் சபை மடல்களில் ஒரு பெண்ணின் மரணச் செய்தியை எடுத்துப் பாருங்கள். ‘ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இன்னாரின் மனைவியும், பொறியாளர் இன்னாரின் தாயாருமான அம்மையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று இருக்கும். கணவர் பெயர் இருக்கும், அவர் வகித்த பதவி இருக்கும், மகனுடைய வேலை, அவர் வேலை பார்க்கும் நாடு எல்லாம் இருக்கும். இறந்தவரின் பெயர் மட்டும் இருக்காது.

என் சிறுவயதில் எங்கள் ஊரில் ஓர் உபதேசியாரம்மா இருந்தார். போதகருக்குத் துணையாக ஊர்ச் சபையைக் கவனிக்கும் ஊழியரான உபதேசியாரின் மனைவி என்பதால் அந்தப் பெயர். ஐயரின் மனைவி ஐயரம்மா ஆவதைப்போல. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கையில் ஒரு படியும் தோளில் ஒரு துணிப்பையுமாகத் தெருத்தெருவாக வருவார். உலையில் போடுவதற்கு முன் பெண்கள் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டு வைத்த அரிசியை அளந்து வாங்கிக்கொண்டு போவார். ஏதாவது ஒரு வீட்டில் அந்த வாரம் கலயம் காலியாக இருந்தால், அந்த வீட்டைத் தாண்டிப் போகமாட்டார். உள்ளே போய்த் திண்ணையை ஒட்டி உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்து, மற்ற வீடுகளில் எவ்வளவு நேரம் இருப்பாரோ அவ்வளவு நேரம் இருந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அந்த வீட்டில் அரிசி இல்லை என்று அடுத்த வீட்டுக்குத் தெரியக் கூடாது. பிரசவ வலி கண்ட வீட்டில் இரவெல்லாம் அவர் இருப்பார். செத்த வீட்டில் பெண்பிணத்தைக் குளிப்பாட்டுவதும் அவர்தான். எனக்கும் என் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் ஞாயிறு பள்ளியில் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். உபதேசியார் மாதச் சம்பளம் வாங்கினார். அது குறைவான சம்பளம்தான், ஆனாலும் அது அவருடைய பெயரில் கணக்கில் ஏறியது. அம்மாவின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

அவர் இறந்தபோது ஆலயத்தில் வாசிக்கப்பட்ட அறிவிப்பிலும், பிறகு வந்த மடலிலும், ‘முன்னாள் உபதேசியாரின் மனைவி’ என்றுதான் இருந்தது. பல ஆண்டுகள் கழித்து அவரைப் பற்றி எழுத விரும்பி ஊரிலுள்ள பெரியவர்களிடம் விசாரித்தேன். ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள், அழுதார்கள். அவருடைய பெயரை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் இல்லாதவர் ஆதலால் கேட்க வீடும் இல்லை. அன்றைக்கு மடலை எழுதியவர் ஒரே ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் போதும். இன்றைக்கு அந்த ஒரு நிமிடத்தை யாராலும் திரும்பக் கொடுக்க முடியாது.

காணிக்கைப் பட்டியலும் இப்படித்தான். பிடி அரிசி பெண்ணுடையது. பட்டியலில் ஏறுவது வீட்டுக்காரர் பெயர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது, இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதைக் கொள்கையாக வைத்தார்கள். தெலுங்கு நாட்டிலுள்ள தோர்னக்கல்லுக்குத் தங்கள் சொந்தச் செலவில் மிஷனெரிகளை அனுப்பியவர்கள் பனங்காட்டிலும் வயலிலும் பாடுபட்ட எளிய சனங்கள். நம் திருச்சபை வரலாற்றில் நான் மிகவும் பெருமைப்படும் காரியம் இது. இதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912-இல் தோர்னக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை. அவருடைய தாயார் எலன் என்ற பெயர் நமக்குத் தெரியும். மகன் பேராயரானதால் தெரியும். ஆனால் அந்தச் சங்கத்துக்குக் காசு கொடுத்த வெள்ளாளன்விளைத் தாய்மார்கள், மெய்ஞ்ஞானபுரத்துத் தாய்மார்கள், சாயர்புரத்துத் தாய்மார்கள் எத்தனை பேருடைய பெயரை உங்களால் சொல்ல முடியும்?

மிஷனெரி அம்மாமார்களுக்கும் இதே கதிதான். இடையன்குடி என்றதும் எல்லாரும் ராபர்ட் கால்டுவெல் என்பார்கள். எலைசா கால்டுவெல் நாகர்கோவிலில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியின் மகள். தமிழ் பேசும் ஊரில் வளர்ந்தவர். 1844-இல் திருமணமாகி வந்து, இடையன்குடிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, அவர்கள் கையில் சொந்தக் காசு வரும்படி செய்தவர். அவரை ‘கால்டுவெல்லின் துணைவியார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம்.

இதற்கு நேர்மாறாக ஒன்று பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. சாராள் தக்கர் இந்தியாவுக்கே வராதவர். சென்னையில் மிஷன் செயலராக இருந்த தம் சகோதரர் ஜான் தக்கர் மூலம் இங்குள்ள பெண்களின் நிலையைக் கேட்டறிந்து, உடல் நலிவோடு இங்கிலாந்திலிருந்தே அவர்களுக்காக எழுதினார், நிதி சேர்த்தார். அவர் இறந்த பின் தோழிகள் அவர் நினைவாகத் திரட்டிய பணத்தில் பெண்கள் கல்விக்கான நிறுவனம் எழுந்தது; இன்றைக்கு அவர் பெயரில் கல்லூரி நிற்கிறது. அந்தப் பெயர் அங்கே நிற்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். தோழிகள் ஒரு பெண்ணின் பெயரை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. நம் உபதேசியாரம்மாவுக்கு அப்படி ஒரு தோழி இல்லாமல் போனாள்.

ஆகவே, தம்பி, மரணப் பத்தியைக் குறைக்காதீர்கள், பெரிதாக்குங்கள். இறந்தவரின் பெயர் முதல் சொல்லாக வரட்டும். பெற்றோர் பெயரில் தாயின் பெயரையும் எழுதுங்கள். பிறந்த ஊர், ஞானஸ்நானம் பெற்ற ஆலயம், திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) எடுத்த ஆண்டு எல்லாம் பதிவேட்டில் கிடைக்கும். கமிட்டி ஆளை அனுப்பாமல் நீங்களே போய்ப் பாருங்கள். பிறகு அவர் சபையில் என்ன செய்தார் என்று இரண்டு வரி. பாடகர் குழுவில் எத்தனை காலம் பாடினார், பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்கு (பொது விருந்துக்கு) அரிசி களைந்தாரா, ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் முருங்கைக்காய்க் கட்டை ஏற்றிக் கேட்டு ஊரையே சிரிக்க வைத்தாரா, எதுவாயிருந்தாலும் சரி. வீட்டார், ‘மகன் அமெரிக்காவில் இருப்பதைப் போடுங்கள்’ என்பார்கள். கடைசியில் போடுங்கள். ‘அம்மா பெயரை எல்லாம் அச்சில் போட வேண்டாம், மரியாதையாக இருக்காது’ என்று சில வீடுகளில் சொல்வார்கள். அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். பீடத்துக்கு முன்னால் பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்த சபை, அடக்கம் பண்ணும்போது அந்தப் பெயரை விழுங்குவதற்கு எந்த ரூப்ரிக்கிலும் (ஆராதனை விதிக்குறிப்பிலும்) அனுமதி இல்லை.

திருமணச் செய்தியிலும் இதையே செய்யுங்கள். மணமகளின் தாய் பெயரை விடாதீர்கள். காணிக்கைப் பட்டியலில் கொடுத்த கை யாருடையது என்று கேட்டு எழுதுங்கள். பண்டிகைச் செய்தியில் செய்தியளித்தவர், தலைமை தாங்கியவர், சால்வை போர்த்தியவர் என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள்; சமைத்தவர்கள், பாத்திரம் கழுவியவர்கள், ஆலயம் பெருக்கியவர்கள் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கம் போதாது என்றால் ஐயரின் படத்தைச் சிறிதாக்குங்கள். அவர் நல்லவராக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார்.

அச்சா, வாட்ஸப்பா என்று கேட்டிருந்தீர்கள். வாட்ஸப்பில் அனுப்புங்கள், தவறில்லை. துபாயிலும் மும்பையிலும் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்கள் அதில்தான் படிப்பார்கள். ஆனால் அச்சை நிறுத்தாதீர்கள். பெரிய எழுத்தில் ஐம்பது பிரதி போட்டு, முதியவர்களின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். கைபேசியில் வந்தது அடுத்த கைபேசி வாங்கும்போது போய்விடும். ஆண்டு முடிவில் பன்னிரண்டு இதழ்களையும் சேர்த்துக் கட்டி, ஒரு கட்டைச் சேகர அலுவலகத்தின் இரும்புப் பெட்டியில் பதிவேடுகளோடு வையுங்கள். நீங்கள் வசிக்கும் பெங்களூருவிலேயே ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் இருக்கிறது; இன்னொரு கட்டை ஏற்றுக்கொள்வார்களா என்று அங்கே நேரில் போய்க் கேளுங்கள்.

அடுத்த மாத மடலை எனக்கும் ஒரு பிரதி தபாலில் அனுப்பி வையுங்கள். மரணப் பத்தியில் பெயரில்லாமல் ஒரு பெண் இருந்தால், சிவப்பு மையில் வட்டமிட்டு உங்களுக்கே திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
அம்மா